கைதியாய் வந்த சேனாபதி

முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்கு உலாந்தாக்காரர் என்ற பெயர் புதிதன்று. 1658-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்துக் கொண்டவர்கள் அவர்களே. முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் அவர்கள் கைக்குப் போயின. நமது குருக்களை அகற்றிவிட்டு, பால்தேயுஸ் என்னும் தங்கள் போதகரை அனுப்பி, நம் முன்னோரைக் கல்வீனியராக்கப் பார்த்தார்கள். நம் முன்னோர் வியாபாரத்தை அவர்களோடு செய்தார்கள். விசுவாசத்தை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. 1713-ஆம் ஆண்டு, அவர்கள் ஆட்சியிலேயே, பனிமய மாதாவுக்கு ஆலயம் எழுந்தது.

அந்த உலாந்தாக் கம்பெனியின் படையிலும் கத்தோலிக்கர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய சரித்திரத்தை இவ்வாரம் நம் பங்குக் குடும்பங்கள் அறிந்து கொள்வது நலம். அவர் பெயர் யூஸ்தாக்கியுஸ் பெனடிக்ட் டிலனாய்.

இன்று பிரான்சு தேசத்தைச் சேர்ந்த அர்ராஸ் நகரமே அவருடைய சொந்த ஊர். 1715-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். பிழைப்புத் தேடி உலாந்தாக் கம்பெனியில் போர்வீரராகச் சேர்ந்து, கடல் கடந்து வந்தார். பெரிய பதவியோ பெரிய பேரோ அன்று அவருக்கு இல்லை.

அக்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்டவர்மா மகாராஜா. மிளகு வியாபாரத்தில் அவருக்கும் கம்பெனிக்கும் பகை மூண்டது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த கம்பெனிப் படை குளச்சலில் இறங்கி, கோட்டாறு வரையில் ஊர்களைப் பிடித்தது. மகாராஜா சேனையைத் திரட்டி வந்து எதிர்த்தார். கம்பெனிப் படை குளச்சலுக்குப் பின்வாங்கி அங்கே முற்றுகையில் அகப்பட்டது. மருந்துப் பீப்பாயில் குண்டு விழுந்து தீப்பற்றியது. வைத்திருந்த அரிசியும் எரிந்து போயிற்று. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கம்பெனிப் படை சரணடைந்தது. ஐரோப்பியக் கம்பெனிப் படையொன்றை இந்நாட்டு அரசர் ஒருவர் இப்படித் தோற்கடித்தது பெரிய செய்தியாயிற்று. அதன் நினைவாக நாட்டிய வெற்றித் தூணைக் குளச்சலுக்குப் போகிறவர்கள் இன்றும் காணலாம்.

அந்தத் தோல்வியில் கைதியானவர்களில் டிலனாயும் ஒருவர். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகில், புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையில் கைதிகள் வைக்கப்பட்டார்கள். டிலனாயின் திறமையைக் கண்ட மகாராஜா, தம் வீரர்களுக்குப் போர்ப்பயிற்சி கொடுக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். அவரும் உண்மையாய் உழைத்தார். வரிசையாய் நின்று ஒரே நேரத்தில் சுடவும், பீரங்கியை இயக்கவும், கோட்டை கட்டவும் கற்றுக் கொடுத்தார். உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறை ஏற்பட்டது. காயங்குளம், அம்பலப்புழை முதலிய நாடுகளை மகாராஜா வென்று சேர்த்தபோது அப்படையில் டிலனாயின் பங்கு பெரிது. கைதியாய் வந்தவர் படிப்படியாக உயர்ந்து சேனாபதியானார். வலிய கப்பித்தான் என்று ஜனங்கள் அவரை அழைத்தார்கள். உதயகிரிக்கே டிலனாய்க் கோட்டை என்ற பெயரும் வந்தது.

ஆனால் அவர் செய்த மிகப் பெரிய காரியம் போர்க்களத்தில் நடந்ததன்று. நட்டாலம் ஊரைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்னும் அரசாங்க அலுவலர் அவருக்குச் சிநேகிதரானார். அவர் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர். நல்ல குடும்பம், செல்வாக்கு எல்லாம் உள்ளவர். இடையில் ஆடுமாடுகள் மாண்டு, பயிர்கள் அழிந்து, மனம் உடைந்து போனார். முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணம் விசாரித்தார். பிறகு, எல்லாவற்றையும் இழந்தும் சர்வேசுரனை இழக்காத யோபு என்னும் நீதிமானுடைய வரலாற்றை எடுத்துச் சொன்னார். அது அவர் உள்ளத்தில் தைத்தது. மேலும் கேட்டார், மேலும் அறிந்தார், ஞானஸ்நானம் பெற விரும்பினார்.

டிலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசுசபைக் குருவானவர் புத்தாரி சுவாமியாரிடம் அனுப்பி வைத்தார். தமிழில் பரஞ்சோதிநாதர் என்று வழங்கப்பட்டவர் இவரே. நமது தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த அந்த வடக்கன்குளத்திலேயே, 1745-ஆம் ஆண்டு மே மாதத்தில், நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவியும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

நான்கு ஆண்டுகள் கழியுமுன் சோதனை வந்தது. 1749-ஆம் ஆண்டு தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அடித்து, எருமையின் மேலேற்றி ஊர் ஊராய்க் கொண்டு போனார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் சுரந்ததென்பது நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி. அந்தப் பாறை டிலனாயின் கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில், தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டு வேதசாட்சியானார். அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்பர்களே, இங்கே சற்று நிற்போம். தண்டித்தவர் டிலனாய் சேவித்த அதே அரசர். துப்பாக்கி தூக்கியவர்கள் டிலனாய் பயிற்சி கொடுத்த அதே சேனையைச் சேர்ந்தவர்கள். கோட்டைகளைப் பிடிக்கத் தெரிந்த சேனாபதியால் தம் சிநேகிதரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் உள்ளம் என்ன பாடுபட்டதோ, ஆண்டவருக்கே வெளிச்சம். அவர் பதவியை உதறவில்லை, விசுவாசத்தையும் உதறவில்லை. அந்த பாரத்தைச் சுமந்து கொண்டே இன்னும் 25 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரைக் குறை கூற நமக்கு எளிது. ஆனால் உப்பைத் தின்ற இடத்துக்கும் மனச்சாட்சிக்கும் நடுவில் நிற்கும் வேதனையை, பிறரிடம் கைகட்டி வேலை செய்யும் நம்மில் அநேகர் அறிவார்கள்.

துன்பம் அவர் வீட்டுக்கும் வந்தது. அவருடைய மகன் யோவான், தந்தையைப் போலவே போர்வீரனாகி, 1765-ஆம் ஆண்டு களக்காட்டில் நடந்த சண்டையில் மாண்டான். அப்போது அவனுக்கு வயது 19. யோபுவின் வரலாற்றைப் பிறருக்குச் சொன்னவர், இப்போது தாமே யோபுவைப் போல் மகனைப் பறிகொடுத்தார்.

மார்த்தாண்டவர்மாவுக்குப் பின் அடுத்த மகாராஜாவின் காலத்திலும் டிலனாய் சேவை செய்தார். கன்னியாகுமரிக்கு அருகில் கடலோரத்திலுள்ள வட்டக்கோட்டையும், வடக்கு எல்லையில் நீண்டு கிடந்த நெடுங்கோட்டையும் அவர் கைவண்ணத்தைப் பெற்றவை. 35 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1777-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி உதயகிரியில் மரித்தார். கோட்டைக்குள்ளிருந்த சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல் அவர் கல்லறைமேல் இருக்கிறது. மனைவியும் மகனும் அங்கேயே இளைப்பாறுகிறார்கள். ஆலயத்தின் கூரை எப்போதோ போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன.

அவர் வென்று கொடுத்த இராச்சியம் இன்று இல்லை. நெடுங்கோட்டை பெரும்பாலும் மண்ணாய்ப் போயிற்று. ஆனால் வாடிய முகத்தைக் கண்டு ஒரு சிநேகிதருக்கு அவர் சொன்ன ஆறுதல் மட்டும் அழியவில்லை. 2022-ஆம் ஆண்டு மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் தேவசகாயத்தை அர்ச்சியசிஷ்டவர் பட்டத்துக்கு உயர்த்தினார். இந்தியாவின் இல்லறத்தாரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அந்தப் பெரிய மரத்துக்கு விதை போட்டவர் குருவானவருமல்லர், உபதேசியாருமல்லர். போரில் தோற்று, அந்நிய நாட்டில் கைதியான ஒரு போர்வீரர்.

நமது வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலும், வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வந்த பல தேசத்து மாலுமிகள் இருக்கிறார்கள். நம் வீதியிலும் தொழில் நொடித்து, கடன்பட்டு, வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் விசாரிக்க ஒருவர் போதும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இவ்வாரம் அப்படி ஒருவரைத் தேடிப் பேசுவோம்.

இரவு ஜெபத்தில், படையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்காகவும், போர்களில் மாண்ட எல்லா ஆத்துமாக்களுக்காகவும், ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லுவோமாக.