பேறுகாலச் சம்பளத்தை யார் கொடுக்க வேண்டும்? திருச்சானூர் அனந்தசயனம் அய்யங்கார் வாழ்க்கையிலிருந்து ஒரு விளக்கம்

பிள்ளை பெறும் பெண்ணுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்கிறது சட்டம். ஆனால் திருப்பதியில் சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணையோ, சித்தூர் பக்கம் மாந்தோப்பில் கூலிக்குப் போகிற பெண்ணையோ கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பிரசவம் என்றால் கூலி இல்லாத நாட்கள், அவ்வளவுதான். ஏன் இந்த வித்தியாசம்? இதே மண்ணில் பிறந்து மக்களவை சபாநாயகரான ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

யார் இவர்?

எம். அனந்தசயனம் அய்யங்கார், 1891 பிப்ரவரி 4-ம் தேதி திருச்சானூரில் பிறந்தார். பத்மாவதி தாயார் கோயில் இருக்கிற அதே ஊர்தான். அப்போது அது சென்னை மாகாணம். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1912-ல் கணக்கு வாத்தியாராக வேலையைத் தொடங்கியவர், 1915-ல் வக்கீலானார். 1934-ல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்வானார். தனிநபர் சத்தியாகிரகம், வெள்ளையனே வெளியேறு என இரண்டு போராட்டங்களிலும் சிறைக்குப் போனார்.

அரசியல் சாசனத்தில் என்ன நடந்தது?

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். பேறுகால உதவிக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்று இன்றைய 42-வது பிரிவு சொல்கிறதே, அது அங்கேதான் உருவானது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் ஒன்று. தரவில்லை என்று நேரடியாகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அப்படியானால் இது வெறும் ஆசைதானா என்று சபையில் பலர் கேட்டார்கள்.

1948 நவம்பரில் அய்யங்கார் இதற்குப் பதில் சொன்னார். இந்த நெறிகளுக்குக் காவல் நீதிமன்றம் அல்ல, மக்களின் கருத்துதான் என்பது அவர் வாதம். மதிக்காத ஆட்சியாளர்களை அடுத்த தேர்தலில் மக்களே வீட்டுக்கு அனுப்பலாம் என்று நம்பினார். வக்கீலாக இருந்தவர் கோர்ட்டை விட ஓட்டை நம்பினார் என்பதைக் கவனியுங்கள்.

1961 சட்டத்தில் என்ன சிக்கல்?

1952-ல் திருப்பதியிலிருந்தும் 1957-ல் சித்தூரிலிருந்தும் மக்களவைக்குப் போனார். 1956-ல் மாவலங்கர் இறந்ததும் சபாநாயகரானார். அவர் அந்தப் பதவியில் இருந்த காலத்தில்தான், 1961-ல், பேறுகாலப் பலன் சட்டம் வந்தது. ஆலை, சுரங்கம், தோட்டத் தொழிலாளிகளுக்கு 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. சட்டம் கொண்டுவந்தது அரசு; சபையை நடத்தியதுதான் அய்யங்காரின் பங்கு.

அந்தச் சட்டம் பணத்தை முதலாளி கையிலிருந்து கொடுக்கச் சொன்னது. ஆனால் 1919-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை, இந்தப் பணம் அரசு நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்று சொல்லியிருந்தது. இந்தியாவிலும் 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டம், எல்லோரிடமும் சந்தா வாங்கி அந்த நிதியிலிருந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இ.எஸ்.ஐ.க்கு வெளியே மட்டும் பாரம் முதலாளி தலையிலேயே நின்றது.

2017-ல் 12 வாரம் 26 வாரமானது. செலவு மொத்தமும் தன் தலையில் என்றால், கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே சில முதலாளிகள் யோசிப்பார்கள். முதலாளி என்று ஒருவரே இல்லாத கூலிப் பெண்ணுக்கு யார் கொடுப்பது? அரசே கொடுக்கட்டும் என்ற கோரிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

அரசு இப்போது என்ன தருகிறது?

பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய். இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாய். கூலிக்கு ஈடாக இது எத்தனை வாரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆந்திர அரசு 2025-ல் தன் பெண் ஊழியர்களுக்கு, எத்தனையாவது பிள்ளையானாலும் 180 நாள் விடுப்பு என்று விதியைத் தளர்த்தியது. அது அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். தகப்பனுக்கோ, மத்திய அரசு ஊழியரானால் 15 நாள். தனியார் வேலையில் சட்டப்படி எதுவும் இல்லை.

அவர் சொன்னது சரியா?

பாதி சரி. 2000-ல் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 42-வது பிரிவையும் காட்டியது. ஆக, கோர்ட்டும் உதவியிருக்கிறது. ஆனால் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது கோர்ட் அல்ல, நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள்தான்.

அய்யங்கார் 1962 முதல் 1967 வரை பீகார் ஆளுநராக இருந்தார். 1978 மார்ச் 19-ம் தேதி காலமானார். அவருடைய ஊர் இப்போது 2022-ல் பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோடு, தண்ணீர் கேட்கும்போது, கூலிக்குப் போகிற பெண்ணின் பேறுகாலத்துக்கு எத்தனை வாரக் கூலி தருவீர்கள் என்றும் கேளுங்கள்.