பத்து கேபி மெமரி

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை கடையா ஏறி டெஸ்க்டாப்புக்கு ராம் விலை கேட்கிறீங்களா? முதல்ல உங்க மதர்போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆன்னு பாருங்க. மாத்தி வாங்கினா ஸ்லாட்ல உட்காரவே உட்காராது. இந்தக் குழப்பம் ஆர். நரசிம்மனுக்கும் இருந்தது. ஆனா அவருக்குக் கடையே கிடையாது.

1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டியில் இன்ஜினியரிங், அமெரிக்காவில் கணிதத்தில் பிஎச்.டி. 1954-ல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கம்ப்யூட்டர் கட்டக் கூடிய அந்தக் குழுவில், அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட்டிருந்தவர் இவர் ஒருத்தர்தான்!

மெமரிக்கு என்ன போடுவது? அவர்கள் முன்மாதிரியாக வைத்த பிரின்ஸ்டன் மெஷினில் டிவி பிக்சர் டியூப் மாதிரியான குழாய்கள். அதில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப எழுதணும் (நம்ம ராமும் அப்படித்தான்). குழு ஃபெரைட் வளையங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பிட்டுக்கு ஒரு வளையம், உள்ளே கம்பி கோர்க்கணும். கரண்ட் போனாலும் எழுதியது அழியாது.

1960-ல் டிஃப்ராக் ஓடியது. 40 பிட் அகலத்தில் 2048 சொற்கள், அதாவது 81,920 பிட். மொத்தம் 10 கேபி! உங்க 8 ஜிபி அதைவிட எட்டு லட்சம் மடங்குக்கும் மேல்.

1965-ல் இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர், 1977-ல் பத்மஸ்ரீ. பிறகு அவர் மனம் போனது வேறொரு மெமரிக்கு: குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது என்று ஆராய்ந்தார். 2007-ல் மறைந்தார்.