தாசில்தார் வேலையை விட்டுத் துப்பறியப் போனவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கல்வராயன் மலை வலது பக்கத்தில் வெகு தூரம் துணை வரும். அந்தப் பாதை போய்ச் சேரும் சேலத்தில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெரிய படக் கம்பெனி இருந்தது. 1950ஆம் ஆண்டில் அங்கிருந்து 'திகம்பர சாமியார்' என்ற படம் வெளிவந்தது. எம். என். நம்பியார் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் வந்து ஜனங்களைத் திணற அடித்தார். வில்லனாகவே நாம் அறிந்த நம்பியார், இதில் திருடர்களைப் பிடிக்கும் துப்பறிவாளர்!

அந்தச் சாமியாரைப் படைத்தவர் யார்? அவர்தான் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள வடுவூரில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பி.ஏ. படித்துத் தேறினார். தாசில்தார் உத்தியோகமும் கிடைத்தது. அந்தக் காலத்தில் தாசில்தார் என்றால் சாமானியமா? ஊரே எழுந்து நிற்கும். மாதம் பிறந்தால் சம்பளம், கடைசியில் பென்ஷன். அப்பேர்ப்பட்ட வேலையை உதறிவிட்டு, கதை எழுதப் போகிறேன் என்று கிளம்பினார் மனிதர். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஆனால் கதை அவரைக் கைவிடவில்லை. 'மனோரஞ்சனி' என்ற மாத இதழை நடத்தி, அதில் தம் நாவல்களை வெளியிட்டார். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'மாயா விநோதப் பரதேசி', 'சௌந்தர கோகிலம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இவருக்கு வழிகாட்டி ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர். லண்டன் அரண்மனை மர்மங்களைப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தவர். நம் நாட்டில் அன்று ஆங்கிலம் படித்த வாலிபர்கள் அவரை மறைத்து வைத்துப் படித்தார்கள். ஆரணி குப்புசாமி முதலியாரும் அவர் கதைகளிலிருந்தே நிறைய எடுத்துக் கொண்டார். வடுவூராரும் கடன் வாங்கியவர்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கடன் வாங்கிய சரக்கைத் தஞ்சாவூர்ச் சமையலாக்கிப் பரிமாறினார். அவர் கதையில் பிரபுக்கள் இல்லை. வக்கீல், டிப்டி கலெக்டர், மாமியார் வீடு, கொடுமைக்கார நாத்திமார் உண்டு.

'மேனகா'வையே பாருங்கள். புகுந்த வீட்டில் ஒரு பெண் படாத பாடு படுகிறாள். கடைசியில் அவளைப் பணத்துக்கு விற்றும் விடுகிறார்கள். வாங்கியவன் ஒரு முஸ்லிம் தனவந்தன். அவளைக் காப்பாற்றுகிறவள் யார் தெரியுமா? அவனுடைய மனைவி நூர்ஜஹான்தான்! கொலை, களவை விட இந்த ஓர் இடத்துக்காகவே அந்த நாவலைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். டி. கே. எஸ். சகோதரர்கள் இதை நாடகமாக்கினார்கள். 1935இல் ராஜா சாண்டோ படமாக எடுத்தார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் முதன்முதலில் திரையில் தோன்றியது அந்தப் படத்தில்தான்.

மர்மக் கதை எழுத ஆசைப்படும் இளைஞர்கள் வடுவூராரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் ஒரு வீட்டைக் காட்டுவார். அந்த வீட்டு மனிதர்களை நமக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கிவிடுவார். பிறகுதான் ஆபத்தை உள்ளே விடுவார். நெஞ்சு படபடக்கும் நேரம் பார்த்து, அத்தியாயத்தை முடித்துவிட்டு வேறோர் ஊருக்குப் போய்விடுவார். அவரிடம் தள்ள வேண்டியதும் உண்டு. வர்ணனை தொடங்கினால் லேசில் நிறுத்த மாட்டார், பக்கங்கள் ஓடும்.

பிற்காலத்தில் அவருக்கு ஒரு பெரிய மோகம் பிடித்தது. எகிப்து தேசத்துப் பழைய அரசர்களுக்கும் நம்முடைய ஐயங்கார்களுக்கும் உறவு உண்டு என்று நம்பினார். துப்பறியும் சாமியாரைப் போலவே அவரும் சொல்லுக்குச் சொல் தடயம் தேடினார். ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் எழுதிச் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நாவல்களைத் தேடித் தேடி வாங்கிய ஜனங்களும் இதைத் தொடவில்லை. கதை எழுதிச் சேர்த்த பொருள் ஆராய்ச்சியில் கரைந்து போயிற்று.

1942இல் அவர் காலமானார். சேலத்தில் அவருடைய சாமியார் வேடம் கட்டியது அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.