பல கருவி பயின்ற பிரயன் ஜோன்ஸ்

மேனாட்டு மெல்லிசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாட்டை இயற்றியவரையும் பாடியவரையுமே நினைவுகூருவர். வாத்தியம் வாசித்தவருக்குப் படத்தில் முகம் இருக்கும். பத்திரத்தில் பெயர் இராது. றோலிங் ஸ்ரோன்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவைத் தோற்றுவித்து, அதற்குப் பெயரும் சூட்டி, ஏழாண்டுகளுக்குள் அதே குழுவிலிருந்து விலக்கப்பட்டு, 27 வயதில் நீரில் மூழ்கி இறந்த பிரயன் ஜோன்ஸைப் பற்றி எழுத நான் முற்படுவதற்குக் காரணம் இதுவே. அவருடைய கை பட்ட பாடல்களை உலகம் இன்றும் கேட்கின்றது. அக்கை எவருடையது என்று அறிந்து கேட்போர் சிலரே.

1942 பெப்ரவரி 28ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ரனம் நகரில் அவர் பிறந்தார். வேல்ஸ் வழிவந்த நடுத்தரக் குடும்பம். தந்தையார் விமானப் பொறியியலாளர். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். தாயார் பியானோ ஆசிரியை. வீட்டில் இசைக்குக் குறைவில்லை; கண்டிப்புக்கும் குறைவில்லை. இளமையில் வந்த நோயொன்றின் பின் ஈளை அவரை வாழ்நாள் முழுதும் விடாது தொடர்ந்தது. பாடசாலையில் கெட்டிக்கார மாணவர், ஆயினும் அடங்காதவர். கிளாரினற் பயின்றார், பின்னர் சாக்ஸபோனுக்குத் தாவினார், 17ஆம் பிறந்தநாளில் கிற்றார் கைக்கு வந்தது. எந்தக் கருவியைக் கொடுத்தாலும் சில நாட்களில் அதை ஒருவாறு பேசவைக்கும் ஆற்றல் அப்போதே அவரிடம் இருந்தது. பழகிய பெண்களுக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பினின்றும் நழுவும் குணமும் அப்போதே இருந்தது. அவரைப் போற்ற விரும்புவோர் இதை மறைப்பதுண்டு. மறைத்தால் வரலாறு ஆகாது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையே அவருக்கு வேதம். இலண்டன் ஈலிங் மன்றத்தில் 1962 ஏப்பிரலில் எல்மோ லூயிஸ் என்ற புனைபெயரில், தந்தியின் மேல் உலோகக் குழலைச் சறுக்கி வாசிக்கும் முறையில் அவர் கிற்றார் இசைத்தபோது, மிக் ஜாகரும் கீத் றிச்சர்ட்ஸும் வியந்து நின்று கேட்டனர். அடுத்த மாதமே இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார் ஜோன்ஸ். முதலில் வந்தவர் பியானோக் கலைஞர் இயன் ஸ்ருவேட். பின்னர் ஜாகரும் றிச்சர்ட்ஸும் சேர்ந்தனர். மடி வாற்றர்ஸ் என்னும் புளூஸ் மேதையின் பாடற் பெயரொன்றையே குழுவுக்குச் சூட்டினார். 1962 யூலை 12இல் மார்க்கீ மன்றத்தில் முதல் அரங்கேற்றம். பேச்சுவார்த்தை நடத்தியவர், கடிதம் எழுதியவர், எதை வாசிப்பதென்று முடிவு செய்தவர் யாவும் அவரே. தலைவர் என்ற உரிமையில் மற்றவர்களைவிட வாரத்துக்கு 5 பவுண் கூடுதலாகவும் பெற்றுக்கொண்டார். அது வெளிப்பட்டபோது மற்றவர் மனத்தில் விழுந்த கீறல் ஆறவேயில்லை.

1963இல் அன்ட்று ஓல்ட்ஹாம் என்னும் இளைஞர் முகாமையாளராக வந்தார். பிறர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தால் பிழைக்க முடியாது, சொந்தப் பாட்டு வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். பாட்டு இயற்றும் பணி ஜாகரிடமும் றிச்சர்ட்ஸிடமும் சேர்ந்தது. அத்துடன் உரிமைப் பணமும் மேடையின் நடுவிடமும் அவர்களிடம் சேர்ந்தன. ஜோன்ஸ் வஞ்சிக்கப்பட்டார் என்று கூறுவோர் உளர். அவ்வாறு கூறிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பாட்டை முதலடியிலிருந்து ஈற்றடிவரை கட்டி எழுப்பும் திறன் அவருக்கு வாய்க்கவில்லை. பிறர் கட்டிய வீட்டில் எந்தச் சாளரத்தைத் திறந்தால் ஒளி வரும் என்பதை மட்டும் அவரைப்போல் அறிந்தவர் அக்குழுவில் இல்லை.

1966ஆம் ஆண்டின் ஒலிப்பதிவுகளைக் கேட்போர் இதை எளிதில் உணர்வர். அண்டர் மை தம் என்ற பாட்டை இழுத்துச் செல்வது மரக்கட்டைகளாலான மரிம்பா. லேடி ஜேன் பாட்டில் டல்சிமர் என்னும் பழந்தந்திக் கருவி. பெயின்ற் இற் பிளாக் பாட்டில் சித்தார். 1967இன் தொடக்கத்தில் வந்த றூபி ரியூஸ்டேயில் பாடசாலைப் பிள்ளைகள் ஊதும் றெக்கோடர்க் குழல். எல்லாம் ஜோன்ஸின் கைவண்ணம்.

சித்தாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம் வீணையின் மெட்டுக்கள் மெழுகில் பதிக்கப்பட்டு அசையாதிருப்பவை. சித்தாரின் மெட்டுக்கள் இராகத்துக்கேற்ப நகர்த்தப்படுபவை. அந்நுட்பங்களுக்குள் ஜோன்ஸ் புகவில்லை. நம் இசை பயின்றோர் அவரது வாசிப்பில் இராகம் தேடினால் ஏமாறுவர். ஆயினும் 1965இல் பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் சித்தாரை ஓர் அணிகலனாகச் சேர்த்தார் என்றால், ஜோன்ஸ் அதன் ரீங்காரத்தைப் பாட்டின் துக்கத்தோடே பின்னிவிட்டார். அக்கருவியை நீக்கினால் அப்பாட்டில் பாதி போய்விடும்.

1967 வந்தது. மனமயக்க மருந்துகள் தந்த காட்சிகளை ஒலியாக்க முயன்ற சைக்கடெலிக் இசை எங்கும் பரவிற்று. யூன் மாதத்தில் பீற்றில்ஸின் சார்ஜன்ற் பெப்பர் இசைத்தட்டு எல்லோரையும் திகைக்கவைத்தது. ஸ்ரோன்ஸ் குழுவும் அத்துறையில் இறங்கியது. இறங்கிய வேளையோ கெட்ட வேளை. பெப்ரவரியில் றிச்சர்ட்ஸின் வீட்டில் பொலிசார் சோதனை. மார்ச்சில் மொறொக்கோப் பயணத்தின்போது ஜோன்ஸின் காதலி அனிற்றா பலன்பேர்க் அவரை விட்டு றிச்சர்ட்ஸுடன் சென்றார். ஜோன்ஸ் அவரை அடித்துத் துன்புறுத்தியமையும் அதற்குக் காரணம். மே 10இல், ஜாகரும் றிச்சர்ட்ஸும் நீதிமன்றில் நின்ற அதே நாளில், ஜோன்ஸும் போதைப்பொருள் வழக்கில் கைதானார். ஒலிப்பதிவின் இடையிலே ஓல்ட்ஹாமும் விலகிவிட, குழுவினர் தாமே தயாரிப்பாளராயினர்.

இவ்வாறு உருவானதே தெயர் சற்றானிக் மஜெஸ்ரீஸ் றிக்குவெஸ்ற் என்ற இசைத்தட்டு. பிரித்தானியக் கடவுச்சீட்டில் அக்காலத்தில் அரசியின் பெயரால் விடுக்கப்பட்ட வேண்டுகோளை எள்ளி நகையாடும் தலைப்பு அது. அட்டையில் சாய்த்துப் பார்த்தால் அசையும் முப்பரிமாணப் படம். கிற்றாரை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு ஜோன்ஸ் இதில் பெரிதும் கையாண்டது மெலற்ரோன் என்னும் விசைப்பலகைக் கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடாத் துண்டு உண்டு. வயலினோ குழலோ முன்பே அதில் பதியப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும்; ஏறக்குறைய 8 விநாடியில் முடிந்துபோகும்; விரலை எடுத்தால் மீண்டும் தொடக்கத்துக்குச் சுருளும். அந்தக் குறையையே அவர் இசையாக்கினார். 2000 லைற் இயேர்ஸ் ஃப்றம் ஹோம் என்ற பாட்டில், மனிதன் வாசிக்கும் வயலினும் இல்லை, இயந்திர ஒலியும் இல்லை என்னும்படி எழுந்து தேயும் அந்த நாதம், வெளியில் தனித்து மிதப்பவனின் நடுக்கமாகவே என் செவிக்குப் படுகின்றது. அப்பாட்டும் நிக்கி ஹொப்கின்ஸின் பியானோவால் ஒளிரும் ஷீஸ் எ றெயின்போவும் தவிர, அவ்விசைத்தட்டில் பெரும்பகுதி உருவமற்றது என்பது என் கருத்து. குழுவினரே பின்னாளில் அதை இகழ்ந்தனர்.

அது வெளிவந்தது 1967 டிசம்பர் 8இல். அப்போது ஜோன்ஸ் ஒன்பது மாதச் சிறைத் தண்டனைக்கு எதிரான மேன்முறையீட்டை எதிர்நோக்கியிருந்தார். நான்கு நாட்களின் பின் அது 1000 பவுண் அபராதமாகவும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பாகவும் மாற்றப்பட்டது. சிறை தப்பியது, மனிதர் தப்பவில்லை. 1968இல் குழு மீண்டும் புளூஸ் வழிக்கே திரும்பியது. அவர் தொடக்கத்தில் காட்டிய வழி அது. நடக்க அவரிடம் தெம்பில்லை. மருந்தும் மதுவும் உடலைத் தின்றுவிட்டன. நோ எக்ஸ்பெக்றேஷன்ஸ் என்ற பாட்டில் அவர் சறுக்கி வாசித்த கிற்றார், ஈலிங் மன்றத்து இளைஞரை ஒரு தடவை திரும்ப அழைத்து வந்தது.

அவ்வாண்டின் கோடையில் மொறொக்கோவின் மலையடிவாரத்து ஜூஜூக்காக் கிராமத்துக்குச் சென்று, அங்குள்ள பரம்பரைக் கலைஞரின் இசையைப் பதிவு செய்தார். அவர்கள் ஊதும் கைத்தா நம் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளியால் ஒலிக்கும் கருவி. மேனாட்டு மெல்லிசைக் கலைஞர் ஒருவர் புகழின் உச்சியிலிருந்து இறங்கிச் சென்று கிராமத்தாரின் முன்னே ஒலிவாங்கியை நீட்டியது அக்காலத்தில் அரிய செயல்.

1969 யூன் 8இல் ஜாகர், றிச்சர்ட்ஸ், சார்ளி வாற்ஸ் மூவரும் அவரது இல்லத்துக்கு வந்து, குழுவில் இனி அவருக்கு இடமில்லை என்று தெரிவித்தனர். சசெக்ஸ் மாவட்டத்துக் கொச்ஃபோர்ட் பண்ணை அது. வின்னி த பூ கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்ன் முன்னர் வாழ்ந்த வீடு. மாதம் ஒன்று நிறையுமுன், யூலை 2ஆம் நாள் நள்ளிரவையொட்டி, அவ்வீட்டு நீச்சற் குளத்தில் பிரயன் ஜோன்ஸ் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டார். விபத்து மரணம் என்றார் மரண விசாரணை அதிகாரி. ஐயங்கள் பல எழுந்தன, இன்றும் எழுகின்றன, எதுவும் நிறுவப்படவில்லை.

யூலை 5இல் ஹைட் பூங்காவில் இலட்சக்கணக்கானோர் கூடிய அரங்கில், கீற்ஸின் மறைவுக்கு ஷெல்லி பாடிய இரங்கற்பாவிலிருந்து சில பகுதிகளை ஜாகர் படித்தார். ஷெல்லியும் நீரில் மூழ்கி மாண்டவரே. 10ஆம் நாள் செல்ரனத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது குழுவிலிருந்து வந்தவர்கள் வாற்ஸும் பில் வைமனும் மட்டுமே.

ஜூஜூக்கா இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. பிரயன் ஜோன்ஸ் என்ற பெயர் தலைப்பிலேயே பொறிக்கப்பட்ட அத்தட்டில், அவர் வாசித்த கருவி ஒன்றும் இல்லை.