சைக்கிள் கடை வைத்தவர் கோடீசுவரர் ஆனார்! தலையில் அடிபட்ட சிப்பாய்களுக்கு உதவிய அவர் பணம்

மாப்பிள்ளை அழைப்பா, கலெக்டர் வருகையா, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு அவசரமா, எதுவானாலும் ஒரு காலத்தில் அம்பாசிடர் கார்தான். நைனார்பாளையம், சின்னசேலம், கள்ளக்குறிச்சி பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் முனகாமல் போகும்.

அந்தக் காரின் மூலம் எங்கே இருக்கிறது தெரியுமா? இங்கிலாந்தில், ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையில்!

அந்தக் கடைக்காரரின் பெயர் வில்லியம் மோரிஸ். பிற்காலத்தில் நஃபீல்டு பிரபு. வாழ்நாளில் ஏறக்குறைய 3 கோடி பவுண்டு தருமம் செய்தவர்.

டாக்டர் ஆசை

மோரிஸ் பிறந்தது 1877-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி. டாக்டராகி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வீட்டில் காசு இல்லை. 15 வயதில் படிப்பை விட்டார். ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

சில மாதங்கள் கழித்து, சம்பளத்தில் ஒரு ஷில்லிங் கூட்டிக் கேட்டார். முதலாளி கைவிரித்து விட்டார். பையன் விலகி வந்தான். கையில் இருந்தது 4 பவுண்டு. அதைப் போட்டு வீட்டிலேயே கடை திறந்தான். முதல் சைக்கிள் உள்ளூர்ப் பாதிரியாருக்கு. அவர் நல்ல உயரம். அவர் காலுக்குத் தகுந்தபடி பெரிய பிரேம் போட்டுக் கொடுத்தான். வியாபாரம் பிடித்துக் கொண்டது.

ஏலம் போன கருவிகள்

1904-ல் எலிசபெத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அதே சமயத்தில் கூட்டு வியாபாரம் ஒன்று திவால் ஆனது. பங்காளிகள் செய்த செலவு இவர் தலையிலும் விடிந்தது. தன் கையால் புழங்கிய ஸ்பேனர், சுத்தியல்களையே ஏலத்தில் கடன் வாங்கி மீட்டார். கூட்டு வியாபாரம் என்றாலே அவருக்குக் கசந்து போனது.

மறுபடியும் தனியாகத் தொடங்கினார். 1913-ல் முதல் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார் வெளியே வந்தது. ஆக்ஸ்போர்டை அடுத்த கவ்லியில் தொழிற்சாலை.

1921-ல் கடும் மந்தம். கார்கள் விற்காமல் குவிந்தன. மற்ற முதலாளிகள் கையைப் பிசைந்தார்கள். மோரிஸ் துணிந்து விலையைக் குறைத்தார். ஒரு மாடலுக்கு ஒரே அடியாக 100 பவுண்டு தள்ளுபடி! தொழிற்சாலை மீண்டும் சுறுசுறுப்பானது. 1920-ல் 2 ஆயிரத்தைக்கூட எட்டாத உற்பத்தி, 1925-ல் 50 ஆயிரத்தைத் தாண்டியது.

அள்ளிக் கொடுத்தார்

பணம் கொட்டியது. ஆனால் குழந்தை இல்லை. டாக்டர் ஆக முடியாத ஏக்கமும் போகவில்லை. பணத்தை ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்.

1936-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கு 12½ லட்சம் பவுண்டு கொடுப்பதாகச் சொன்னார். அதை ஏற்கும் கூட்டம் நடந்தது. நன்றி சொல்லிக் கலைய வேண்டிய நேரத்தில் எழுந்து நின்றார். தொகையை 20 லட்சமாக உயர்த்தினார். சபையே திகைத்தது.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதைச் சொல்லித்தர ஒரு பேராசிரியர் வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தார். அது ஒரு படிப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். சின்ன வயதில் மயக்க மருந்தால் தாம் பட்ட பாடு மோரிசுக்கு மறக்கவில்லை. அவர் பிடிவாதமே ஜெயித்தது. 1937-ல் அந்தப் பதவி வந்தது.

மூச்சுவிட முடியாத இளம்பிள்ளை வாத நோயாளிகளுக்கு இரும்பு நுரையீரல் என்ற பெட்டி வேண்டியிருந்தது. 1938-ல் அதைத் தன் கார் தொழிற்சாலையிலேயே செய்ய வைத்தார். சுமார் 1,700 பெட்டிகள். காசு வாங்காமல் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்.

சிப்பாய்களின் தலை

1939-ல் யுத்தம் வந்தது. பட்டாளத்துப் பையன்களுக்காகத் தன் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்து ஓர் அறக்கட்டளை வைத்தார். மதிப்பு 15 லட்சம் பவுண்டுக்கு மேல். லீவில் வரும் சிப்பாய் உட்கார ஓர் இடம், விளையாட, பாட்டுக் கேட்க வசதி. துப்பாக்கி கொடுத்தால் போதாது, மனசுக்கும் தெம்பு வேண்டும் என்பது கணக்கு. அந்த அறக்கட்டளை இன்றும் நடக்கிறது.

அவர் கொடுத்த பணத்தில் உண்டான அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பதவிக்கு வந்தவர் ஹ்யூ கெயின்ஸ். மூளை ஆபரேஷனில் கெட்டிக்காரர். 1935-ல் அரேபியா புகழ் லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து நினைவு தப்பிக் கிடந்தபோது பார்த்த டாக்டர்களில் இவரும் ஒருவர். லாரன்ஸ் 6-வது நாள் இறந்தார். அதை இவர் மறக்கவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் ஹெல்மெட் போட வேண்டும் என்று விடாமல் எழுதினார். 1941-ல் ராணுவம் அதைக் கட்டாயம் ஆக்கியது. இன்று நம் ரோட்டில் போலீஸ் நிறுத்திக் கேட்கும் ஹெல்மெட்டுக்குப் பின்னால் அந்தக் கதையும் இருக்கிறது.

1940-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண்கள் கல்லூரி, தலைக்காயத்துக்கான ராணுவ ஆஸ்பத்திரியாக மாறியது. கெயின்ஸ் அங்கே முக்கியப் புள்ளி. 1945-க்குள் சுமார் 13 ஆயிரம் பேர் சிகிச்சை பெற்றார்கள். காயம் ஆறியும் ஞாபகம் திரும்பாதவர்கள், குணமே மாறிப் போனவர்கள் எத்தனையோ. அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். தலையில் பட்ட அடி மனிதனை உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதை டாக்டர்கள் அதில் படித்தார்கள்.

சறுக்கலும் உண்டு

மோரிசை மகான் என்று சொல்ல முடியாது. தொழிற்சங்கம் என்றால் ஆகாது. பின்னாளில் பாசிசத் தலைவரான மோஸ்லியின் கட்சிக்கு 1930 வாக்கில் 50 ஆயிரம் பவுண்டு கொடுத்தார். ஸ்பிட்பயர் போர் விமானம் செய்யும் பெரிய தொழிற்சாலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். விமானம் வரவில்லை. 1940 மே மாதம் அரசாங்கம் அதைப் பிடுங்கி வேறு கம்பெனியிடம் கொடுத்தது.

1952-ல் மோரிஸ் கம்பெனி ஆஸ்டினுடன் இணைந்தது. சில மாதங்களில் அவர் ஒதுங்கிக் கொண்டார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு 3-வது வரிசைக் கார்தான், 1950-களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆனது. 2014 வரை அங்கே தயாரானது.

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்போர் கிளப் சேர்ந்து ஊர்வலம் விடுவார்கள். வசூலாகும் பணம், யுத்தத்தில் மனம் உடைந்த முன்னாள் சிப்பாய்களுக்குப் போவதும் உண்டு. அவர்களுக்கென்றே 1919-ல் தொடங்கிய ஒரு சங்கம், காம்பட் ஸ்ட்ரெஸ் என்ற பெயரில் இன்றும் வேலை செய்கிறது.

கார் முதலாளி 1963-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி காலமானார். வாரிசு இல்லை. வீட்டைக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். அந்த வீட்டுப் படுக்கை அறையில் ஓர் அலமாரி உண்டு. திறந்தால் கோட்டு, சட்டை தொங்கவில்லை. ஸ்பேனர், ரம்பம், சுத்தியல்! தூக்கம் வராத ராத்திரிகளில் எழுந்து, எதையாவது ரிப்பேர் பார்த்துக் கொண்டிருப்பாராம் அந்தக் கோடீசுவரர்.