புலியைச் சுட்டவர் பெயரில் ஒரு கானகம்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் உள்ளது. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஒரே மாதத்தில் எங்கள் பட்டியிலிருந்து மூன்று ஆடுகளைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. அக்காள் திருமணத்துக்கென்று வளர்த்த ஆடுகள் அவை. மிச்சம் கிடந்த உடலில் விஷம் தடவி வைக்கலாம் என்று ஊரார் சொன்னார்கள். அப்பா ஒப்பவில்லை. அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் நெடுநாள் ஆறவில்லை. பின்னர் நம் கல்லூரி நூலகத்தில் ஜிம் கார்பெட்டின் நூலை, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஆங்கிலத்தில் படித்தபோதுதான் அந்தப் பழைய வழக்கு மீண்டும் மனத்தில் எழுந்தது.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் அதிகாரி. கார்பெட்டுக்கு ஆறு வயதாகும்முன் அவர் காலமாகிவிட்டார். பெரிய குடும்பத்தைத் தாய் தாங்கினார். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் மலைக்குக் கீழே காலாதுங்கி என்று அவர்கள் வாழ்ந்தனர். காலாதுங்கிக் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பறவையின் கூவலையும் மானின் எச்சரிக்கைக் குரலையும் கேட்டே, புலி எங்கே நடக்கிறது என்று சொல்லக் கற்றார். இளம் வயதிலேயே ரயில்வே வேலைக்குப் போய், கங்கைக் கரையில் மொகாமே காட் என்னுமிடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். வேட்டை அவருக்குப் பிழைப்பன்று என்பதை நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1907-ஆம் ஆண்டில்தான் அவர் வாழ்வு திரும்பியது. நேபாளத்தில் 200 பேரையும் குமாயூனில் 236 பேரையும் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலி ஒன்று சம்பாவத் பக்கம் திரிந்தது. மக்கள் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சினர். கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பரிசுப் பணத்தை நீக்க வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். பணத்துக்குச் சுட்டவன் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தாசில்தார் திரட்டிய ஏறக்குறைய 300 ஊர்மக்கள் மலைமேலிருந்து ஆரவாரம் செய்ய, புலி கீழே இறங்கியது. கையிலிருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்தபின், தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் அவர் அதை முடித்தார்.

என்னை உலுக்கியது அதற்குப் பின் நடந்ததே. செத்த புலியின் வாயைப் பார்த்தபோது, வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டு செய்த வேலை அது. தன் இயல்பான இரையைப் பிடிக்க இயலாத நிலையில்தான் அது மனிதனிடம் வந்தது. அதாவது, அந்த 436 சாவுகளின் தொடக்கத்தில் ஒரு துப்பாக்கி இருந்தது! ஆட்கொல்லியாகும் புலிகள் பெரும்பாலும் குண்டுக் காயத்தாலோ, முள்ளம்பன்றி முள் தைத்த புண்ணாலோ, மூப்பாலோ அந்நிலைக்கு வந்தவை என்பது அவர் கண்ட முடிவு. விலங்கியல் மாணவனாகிய நான் இதை ஒரு பாடமாகவே கொள்கிறேன்.

பனார் சிறுத்தை, 1926-இல் வீழ்ந்த ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை எனக் கதைகள் பல. அவற்றை நூலில் படிப்பதே சுவை.

ஆனால் அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. 1930-இல் பவல்கட் காட்டில், எவரையும் கொல்லாத மாபெரும் ஆண்புலி ஒன்றை அவரே சுட்டார். அக்காலத்துத் துரைமார் பழக்கம் அவரையும் விடவில்லை. எனினும் அதே காலத்தில் புகைப்படக்கருவி அவர் கைக்கு வந்தது. காட்டில் துப்பாக்கிகள் பெருகுவதையும் விலங்குகள் குறைவதையும் கண்டு, பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளிடம் பேசத் தொடங்கினார். 1936-இல் ஆளுநர் ஹெய்லியின் பெயரால், ராமகங்கை ஆறு பாயும் சால் மரக்காட்டில், ஆசியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்கும் பங்குண்டு.

காலாதுங்கியை ஒட்டிய சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரை அவர் வாங்கி, குத்தகை உழவர்களைக் குடியமர்த்தினார். காட்டு விலங்குகள் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். புலிக்கும் ஊருக்கும் இடையே சண்டை மூளாமலிருக்க அவர் செய்த வேலைகளில், எந்த வேட்டையையும்விட இம்மதிலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1947 நவம்பரில் தமக்கை மேகியுடன் கென்யா சென்றார். 1955 ஏப்ரல் 19-இல் நியேரியில் மறைந்தார், அங்கேயே அடக்கமானார். அதன்பின் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது. 1973 ஏப்ரல் முதல் நாள் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்குதான். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கார்பெட் காப்பகத்தில் 260 புலிகள் இருந்தன.

சென்ற விடுமுறையில் சம்பாவத் புலியின் உடைந்த பற்களைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டியைச் சுற்றி முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.