குணங்குடியார் கேட்ட நாதம்

வாலிநோக்கம் முதல் தொண்டி வரை நீளும் சேதுநாட்டுக் கடற்கரை, இசுலாமியத் தமிழுக்கு ஞானச்செல்வர் பலரை ஈந்த கரையாகும். அவர்களுள் தலைசிறந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு.

தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792-இல் பிறந்த இப்பெருமகனாரின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்றார். உற்றார் பேசிய திருமணத்தை மறுத்து, இளமையிலேயே துறவு பூண்டார். காதிரிய்யா நெறியில் தீட்சை பெற்றுத் திருப்பரங்குன்ற மலையில் 40 நாள் தனித்துத் தவமிருந்தார் என்பர்.

அந்நெறியின் உயிர்நாடி திக்று. நாவால் ஓதும் இறைநாமம் நெஞ்சில் இறங்கி, மூச்சோடு கலந்து, ஓதுவாரின் முயற்சியின்றித் தானே ஒலிப்பதை உயர்நிலை என்பர் ஸூபிகள். அதே நெறியினரான முகலாய இளவரசர் தாரா சுகோ, தனிமையில் அகத்தே கேட்கும் முடிவிலா ஒலியைப் பாரசீக நூலொன்றில் விளக்கியுள்ளார். தமிழ்ச் சித்தர்கள் இதனையொத்த அனுபவத்தை நாதம் என்றனர்.

நாதம், மனோன்மணி முதலிய யோகச் சொற்களை மஸ்தான் தயங்காது ஏற்றுப் பாடினார். இதனால் அவர் நெறி பிறழ்ந்தாரோ என ஐயுறுவாரும் உளர். நபிகள் நாயகத்தையும் முகியித்தீன் ஆண்டகையையும் அவர் பாடிய பாடல்களே அவர்க்கு விடையாகும். சொல் பலவாயினும் நாட்டம் ஓரிறையே.

சென்னை இராயபுரத்தில் வாழ்ந்தபோது பித்தரென இகழ்ந்தோரும் இருந்தனர். சரவணப்பெருமாள் ஐயரோ நான்மணிமாலை பாடிப் போற்றினார். 1838-இல் இறையடி சேர்ந்தார்.

மாணவச் செல்வங்கள் அவர் பாடல்களைப் பொருளுணர்ந்து ஓதுவார்களாக. ஓதியபின் சற்றே வாய்மூடி அமர்வார்களாக.